வினையூக்கி அளவில் சிக்கலா? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

வினை ஓடவில்லை என்றதும் கை தானாகவே வினையூக்கிப் புட்டியைத்தான் தேடும். 5 மோல் சதவீதம் போட்டு நகரவில்லையா, சரி, 10 போட்டுப் பார்ப்போம். சில நேரம் இது பலிக்கும். பலித்தால்தான் வம்பு. ஏன் ஓடியது என்று தெரியாமலே அடுத்த வினைக்குப் போய்விடுவோம். அதே சிக்கல் அங்கே வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கும்.

நோட்டில் எழுதும் மோல் சதவீதம் ஒரு விகிதம், அவ்வளவுதான். தளப்பொருளின் (வினையில் மாற வேண்டிய மூலப்பொருளின்) 100 மூலக்கூறுக்கு எத்தனை வினையூக்கி மூலக்கூறு போட்டோம் என்று அது சொல்கிறது. குடுவைக்குள் வேகத்தைத் தீர்மானிப்பது வேறு: ஒரு லிட்டரில், இந்த நிமிடம், வேலை செய்யும் நிலையில் எத்தனை வினையூக்கி இருக்கிறது என்பது. போட்டதும் உயிரோடிருப்பதும் ஒன்றுதான் என்று நம்பிவிடுகிறோம். கீழே வரும் சிக்கல்களில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடையைப் பாருங்கள்

சலிப்பான வேலைதான். ஆனால் நான் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட சில வினைகளில் கடைசியில் பிழை இங்கேதான் இருந்தது.

தளப்பொருளாக 10 மில்லிமோல் புரோமோஅனிசோல் எடுத்தால் 1.87 கிராம். அதற்கு 5 மோல் சதவீதம் என்றால் 0.5 மில்லிமோல். பல்லேடியம் அசிட்டேட்டாக இருந்தால் 112 மில்லிகிராம். டெட்ராகிஸ் என்று எல்லோரும் கூப்பிடும் பல்லேடியம் பாஸ்பீன் சேர்மமாக இருந்தால் 578 மில்லிகிராம். இரண்டும் அதே 5 சதவீதம்தான், எடையில் ஐந்து மடங்கு வித்தியாசம். செய்முறையில் வினையூக்கியை மாற்றிவிட்டு எடையை அப்படியே விட்டிருந்தால் வேறெதையும் தேட வேண்டாம்.

பல்லேடியத்தைக் கரித்தூளில் ஏற்றிய பல்லேடியக் கரியில் குழப்பம் இன்னும் அதிகம். அதை மோலில் சொல்வதில்லை, எடையில்தான் சொல்வார்கள். மூலக்கூறு நிறை 200 உள்ள தளப்பொருள் 1 கிராம், அதாவது 5 மில்லிமோல். எடையில் பத்தில் ஒரு பங்கு, 100 மில்லிகிராம், 10 சதவீதப் பல்லேடியக் கரி போடுகிறீர்கள். உள்ளே இருக்கும் பல்லேடியம் 10 மில்லிகிராம், அது 1.9 மோல் சதவீதம். புட்டியில் ஈரமானது என்று போட்டிருந்தால் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அப்போது உண்மையில் போட்டது 0.9தான். லேபிளை முழுதாகப் படிக்காதவர்கள் இந்தப் பாதியைத்தான் தொலைக்கிறார்கள்.

இன்னும் இரண்டு பொறிகள். ஒரு மூலக்கூறில் இரண்டு உலோக அணு இருக்கும் வினையூக்கிகள் உண்டு. டைபென்சிலிடீன் அசிட்டோன் சேர்ந்த பல்லேடியம் அப்படிப்பட்டது, அதில் 2.5 மோல் சதவீதம் போட்டால் பல்லேடியக் கணக்கில் 5. லிகாண்டை (உலோகத்தோடு இணையும் துணை மூலக்கூறு) எதற்கு விகிதமாகப் போட்டீர்கள் என்பதை இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீரேற்ற உப்புகள். நீலக் காப்பர் சல்பேட்டின் எடையில் 36 சதவீதம் தண்ணீர்.

அளவு மிகச் சிறியதென்றால் தராசை நம்ப வேண்டாம். 1 மில்லிமோல் தளப்பொருளுக்கு 0.1 மோல் சதவீதம் பல்லேடியம் அசிட்டேட் என்பது 0.22 மில்லிகிராம். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் அதை நிறுப்பது நிறுப்பதே இல்லை, குத்துமதிப்பு. 11.2 மில்லிகிராமை 10 மில்லிலிட்டரில் கரைத்து, அதிலிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுங்கள். 1 மைக்ரோமோல் கைக்கு வந்துவிடும். கரைசல் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கலங்கலாக இருந்தால் அந்த 200 மைக்ரோலிட்டருக்குள் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது.

அறிகுறி: ஒன்றுமே நடக்கவில்லை

எடை சரி, வெப்பநிலை சரி, டிஎல்சி (மென்படல வண்ணப்பகுப்பு) தகட்டில் தளப்பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. இங்கே முதல் சந்தேகம் வினையூக்கியின் அளவு மேல் இருக்கக் கூடாது. அதைத் தின்னும் ஏதோ ஒன்றின் அளவு மேல் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 10 மில்லிமோல் வினை, 0.1 மோல் சதவீத வினையூக்கி, அதாவது 0.01 மில்லிமோல். கரைப்பான் 20 மில்லிலிட்டர் டெட்ராஹைட்ரோபியூரான், அதில் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தண்ணீர். நல்ல உலர்ந்த கரைப்பான் என்றுதான் சொல்வோம். ஆனால் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 0.05 மில்லிமோல், வினையூக்கியைப் போல ஐந்து மடங்கு. தண்ணீர் பட்டால் கெட்டுப்போகும் வினையூக்கியாக இருந்தால் ஆட்டம் தொடங்கும் முன்பே முடிந்தது. 5 மோல் சதவீதம் போட்டிருந்தால் இதே கரைப்பான் பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. 99 சதவீதத் தூய்மையுள்ள தளப்பொருளிலும் இதே கதைதான். மிச்சமுள்ள 1 சதவீதம் தயோலோ அமீனோ பாஸ்பீனோ ஆக இருந்தால், 1 மோல் சதவீத உலோகத்தை அதுவே கட்டிப்போடப் போதும். வினையூக்கியைக் குறைக்கக் குறைக்க, தளப்பொருளின் தூய்மைக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய கவனம் கூடிக்கொண்டே போகும்.

கண்டுபிடிக்க மூன்று குடுவை போதும். ஒன்றில், ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு தளப்பொருள். இரண்டாவதில் உங்கள் தளப்பொருள். மூன்றாவதில் இரண்டும் சேர்ந்து. முதல் குடுவையே ஓடவில்லை என்றால் வினையூக்கியோ கரைப்பானோ கெட்டது. முதலாவது ஓடி, மூன்றாவதில் அந்த நல்ல தளப்பொருளும் நின்றுவிட்டால், உங்கள் தளப்பொருளோ அதோடு வந்த அழுக்கோ வினையூக்கியைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதில் நல்லது ஓடி உங்களுடையது மட்டும் ஓடாவிட்டால் நச்சு இல்லை. உங்கள் மூலக்கூறு பிடிவாதக்காரர்.

நச்சு என்று முடிவானால் எவ்வளவு என்பதையும் அளந்துவிடலாம். 0.5, 1, 2, 4 மோல் சதவீதம் என நான்கு வினை வைத்துத் தொடக்க வேகத்தைப் பாருங்கள். முதல் இரண்டில் பூச்சியம், 2ல் ஒரு பங்கு, 4ல் மூன்று பங்கு வேகம் வந்தால், 1 மோல் சதவீதத்தை நச்சு விழுங்குகிறது என்று அர்த்தம். இந்தக் கோடு மூலப்புள்ளி வழியாகப் போகாமல் தள்ளி வெட்டும். 4 சதவீதம் போட்டுச் சமாளிப்பது ஒரு வழிதான், ஆனால் அடுத்த தொகுதித் தளப்பொருளில் அழுக்கு வேறு அளவில் வரும்போது மறுபடி மாட்டுவீர்கள். மறுபடிகமாக்குங்கள், வடித்தெடுங்கள், கரியில் கலக்கி வடிகட்டுங்கள். வினையூக்கியைவிட இது மலிவு.

சில நேரம் நச்சு வெளியிலிருந்து வருவதில்லை. தளப்பொருளில் ஓர் அமீன் தொகுதி இருக்க, 10 மோல் சதவீத அமிலத்தை வினையூக்கியாகப் போட்டால் அமிலம் அங்கேயே உப்பாகிவிடும். பிரீடல்–கிராப்ட்ஸ் அசைலேற்றத்தில் விளைபொருளே குற்றவாளி: உருவாகும் கீட்டோன் அலுமினியம் குளோரைடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் ஒரு சமானத்துக்கு (தளப்பொருளுக்குச் சமமான மோல் அளவுக்கு) மேல் போடச் சொல்கிறார்கள். பாடப்புத்தகம் அதை வினையூக்கி என்று சொல்வதை நம்பி 10 சதவீதம் போட்டவர்களுக்கு 10 சதவீதத்தைச் சுற்றித்தான் விளைச்சல் வரும்.

அறிகுறி: நன்றாகத் தொடங்கியது, பாதியில் நின்றுவிட்டது

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. ஒரே ஒரு கூடுதல் வினை பாதி விடையைத் தந்துவிடும். வினையூக்கியை இரட்டிப்பாக்கி, நிற்கும் இடத்தைப் பாருங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

1 சதவீதத்தில் 40ல் நின்றது, 2 சதவீதத்தில் 80ல் நிற்கிறது என்றால், ஒவ்வொரு வினையூக்கி மூலக்கூறும் சராசரியாக 40 சுற்று ஓடிச் செத்துப்போகிறது. அதன் ஆயுள் அவ்வளவுதான். இரண்டிலும் ஒரே இடத்தில் நின்றால், வினையூக்கி மீது பழியில்லை. ஒன்று, ஏதோ ஒரு வினைபொருள் தீர்ந்துவிட்டது. அல்லது சமநிலை வந்துவிட்டது.

சமநிலையை வினையூக்கி நகர்த்தாது. எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான், ஆய்வகத்தில்தான் மறந்துபோகிறது. அசிட்டிக் அமிலமும் எத்தனாலும் எஸ்டராகும் வினையின் சமநிலை மாறிலி 4ஐ ஒட்டி இருக்கும். சம மோல் எடுத்தால் 67 சதவீதத்தில் நிற்கும். சல்பூரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டினாலும் அதே 67தான், கொஞ்சம் சீக்கிரமாக வரும். எத்தனாலை மூன்று மடங்காக்குங்கள், 90க்குப் போகும். அல்லது உருவாகும் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

சாவா, சமநிலையா என்பதை நின்றுபோன குடுவையிலேயும் சோதிக்கலாம். கொஞ்சம் புது வினையூக்கி சேருங்கள். மறுபடி ஓடினால் பழையது செத்தது. ஓடாவிட்டால் புதுத் தளப்பொருளும் வினைபொருளும் சேருங்கள். ஓடினால் வினையூக்கி உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜனேற்றத்தின் நடுவில் பல்லேடியக் கரியைச் சேர்ப்பதென்றால் ஹைட்ரஜனை முழுதாக வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பிய பிறகுதான். காய்ந்த கரி மெத்தனால் ஆவியில் பட்டாலே தீப்பிடிக்கும்.

முழுக்க நிற்காமல் தேய்ந்துகொண்டே போகிறதா? விளைபொருள் வினையூக்கியைத் தடுக்கிறதா என்று பாருங்கள். தொடக்கத்திலேயே அரை சமானம் விளைபொருளைக் கலந்து ஒரு வினை வையுங்கள். முதல் நிமிடத்திலிருந்தே மந்தமாக இருந்தால் அதுதான். வேதியியலாளர் டோனா பிளாக்மண்ட் பரவலாக்கிய 'ஒரே மிகை' சோதனை இதை இன்னும் நேர்த்தியாகச் செய்யும். முழு அளவில் தொடங்கிய வினை பாதியை எட்டும்போது என்ன செறிவுகள் இருக்குமோ, அதே செறிவுகளில் புதிதாக ஒரு வினை தொடங்குவது. வினையூக்கிச் செறிவு மட்டும் இரண்டிலும் ஒன்றே. இரண்டு வளைகோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் வினையூக்கி நலம். விழாவிட்டால் ஒன்று அது செத்துக்கொண்டிருக்கிறது, அல்லது விளைபொருள் தடுக்கிறது. புதிய வினையில் விளைபொருளையும் சேர்த்து மீண்டும் ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: வினையூக்கியை இரட்டிப்பாக்கினேன், வேகம் கூடவில்லை

வாயு, திரவம், திண்மம் மூன்றும் இருக்கும் வினையென்றால் கலக்கியின் வேகத்தை ஏற்றிப் பாருங்கள். வினையின் வேகம் கூடினால், இதுவரை வினையூக்கி சும்மா உட்கார்ந்து ஹைட்ரஜன் போன்ற வாயுவுக்காகக் காத்திருந்தது. அந்த நிலையில் கூடுதல் வினையூக்கி என்பது காத்திருக்கும் வரிசையை நீட்டுவதுதான். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் கிடை அச்சில் 1/வினையூக்கி எடை, நேர் அச்சில் 1/வேகம் வரையுங்கள். கோடு நேர் அச்சை வெட்டும் இடம் வாயு திரவத்தில் கரைவதற்கான தடையைச் சொல்லும். அதை எவ்வளவு வினையூக்கி போட்டாலும் குறைக்க முடியாது.

வேகம் கூடுகிறது, ஆனால் 2 மடங்குக்குப் பதில் 1.4 மடங்கு என்றால், வினையூக்கி பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத் தூங்குகிறது. ஜோடி பிரிந்து வரும் ஒற்றை மூலக்கூறுதான் வேலை செய்யும் என்ற நிலையில் வேகம் செறிவின் வர்க்கமூலத்தைப் பின்தொடரும். இரட்டிப்பு வேகம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு போட வேண்டும். அந்தச் செலவுக்கு வெப்பநிலையைக் கொஞ்சம் ஏற்றுவதே மேல்.

நொதியோடு வேலை செய்பவர்களுக்கு வேறொரு காரணம். நொதி வேகத்துக்கான மைக்கேலிஸ்–மென்டன் கணக்குப்படி நொதியை இரட்டித்தால் தொடக்க வேகம் இரட்டிக்கத்தான் வேண்டும். இரட்டிக்கவில்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் தொடக்க வேகத்தை அளக்கவே இல்லை. பத்தாவது நிமிடத்தில் அளவெடுத்தீர்கள், அதற்குள் தளப்பொருள் தீர்ந்துவிட்டது. முதல் 10 சதவீத மாற்றத்துக்குள் அளவெடுங்கள், அல்லது நொதியை நீர்க்கச் செய்யுங்கள்.

குடுவையின் அடியில் கரையாத வினையூக்கி கிடக்கிறதா என்று ஒருமுறை டார்ச் அடித்துப் பார்ப்பதும் நல்லது.

அறிகுறி: அதிகம் போட்டால் இன்னும் மோசமாகிறது

குடுவைச் சுவரில் கறுப்பாகவோ கண்ணாடி போலவோ படிகிறதா? பல்லேடியம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. திரள்வதற்கு அணுக்கள் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும். எனவே செறிவு கூடும்போது திரள்வது வினையைவிட வேகமாகக் கூடும். லிகாண்ட் இல்லாமல் பல்லேடியம் ஊக்கும் ஹெக் வினையில் இது அப்பட்டமாகத் தெரியும்: 1 சதவீதத்துக்கு மேல் கறுத்துச் சாகும் வினை, 0.1 முதல் 0.01 வரையான அளவில் நன்றாக ஓடும். டி விரீஸ் குழு 2003ல் இதை 'ஹோமியோபதி பல்லேடியம்' என்று விளையாட்டாக அழைத்தது. பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம். அங்கே உலோகம் உண்மையாகவே இருக்கிறது, கொஞ்சமாக இருக்கிறது.

எண்ணெயை மெத்தனாலோடு சேர்த்து பயோடீசல் ஆக்குபவர்களுக்கு இதே அறிகுறி சோப்பாக வரும். 100 கிராம் எண்ணெய்க்கு 1 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்பது வழக்கமான அளவு. எண்ணெயில் 5 சதவீதம் தனிக் கொழுப்பு அமிலம் இருந்தால் அதுவே 0.7 கிராமைத் தின்று சோப்பாக்கிவிடும். மிச்சம் 0.3தான் வினைக்கு. குறைகிறதே என்று காரத்தைக் கூட்டினால் தண்ணீரும் சேர்ந்து எஸ்டரையே சோப்பாக்கும், கிளிசரால் அடுக்கு பிரியாமல் தயிர் மாதிரி நிற்கும். முதலில் எண்ணெயின் அமில அளவை டைட்ரேட் செய்து பாருங்கள். அதிகமாக இருந்தால் அமில வினையூக்கியால் எஸ்டராக்கிவிட்டு அப்புறம் காரத்துக்கு வாருங்கள்.

அறிகுறி: வேண்டாத பொருள் கூடுகிறது

வினையூக்கி அளவை மாற்றும்போது துணைவிளைபொருளின் பங்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் துப்பு. வினையூக்கியைக் கூட்டினால் பங்கு குறைகிறதா? துணைவினை வினையூக்கி இல்லாமல் தானாக, வெப்பத்தால் நடக்கிறது. கூட்டுங்கள், அல்லது வெப்பநிலையைக் குறையுங்கள். கூட்டினால் பங்கும் கூடுகிறதா? இரண்டு உலோக மையங்கள் சேர்ந்து செய்யும் வேலையாக இருக்கலாம், குறையுங்கள். தளப்பொருள் ஒரே அளவு மாறியிருக்கும்போது ஒப்பிட்டால் பங்கு மாறவே இல்லையா? இரண்டையும் வினையூக்கி ஒரே மாதிரி செய்கிறது. ஆல்கைன் ஆல்கீனாகி, ஆல்கீன் ஆல்கேனாகப் போகும் வினையில் அளவைக் குறைத்தால் அதே இடத்துக்கு மெதுவாகப் போவீர்கள், அவ்வளவுதான். நேரத்தில் நிறுத்துங்கள், இல்லையேல் ஆல்கீனோடு நிற்கும் லிண்ட்லார் போன்ற வேறு வினையூக்கிக்கு மாறுங்கள்.

ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு விளைபொருளில் ஒன்றை அதிகம் தரும் கைத்தன்மையுள்ள வினைகளில் இதன் இன்னொரு முகம் தெரியும். வினையூக்கி 95 சதவீத ஈஈ (ஒரு பிம்பம் மற்றதைவிட எவ்வளவு மிகை என்ற அளவு) தருகிறது, பின்னணியில் தானாக ஓடும் வினையின் வேகம் அதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் கிடைப்பது 86. செலவைக் குறைக்க வினையூக்கியைப் பாதியாக்கினால் 79. வினையூக்கியின் தரம் மாறவில்லை. பின்னணிக்குக் கிடைத்த இடம் கூடிவிட்டது.

அறிகுறி: வினையூக்கி போடாமலே ஓடுகிறது

கண்டுபிடிப்பு என்று கொண்டாடும் முன் புதுக் குடுவை, புதுக் காந்தக் கலக்கித் துண்டு எடுத்து மறுபடி செய்யுங்கள். தேய்ந்த கலக்கித் துண்டின் கீறல்களில் பழைய உலோகம் ஒளிந்திருக்கும். லெட்பீட்டர் குழு 2003ல் உலோகமே இல்லாத சுசுகி வகை இணைப்பு (பொதுவாகப் பல்லேடியம் கேட்கும், இரண்டு கார்பன் துண்டுகளை இணைக்கும் வினை) என்று அறிவித்த வினையை, அதே குழு 2005ல் திரும்ப ஆராய்ந்தது. கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் இருந்த 50 பிபிபி (நூறு கோடியில் 50 பங்கு) அளவுப் பல்லேடியம் காரணமாக இருந்தது. 2009ல் பக்வால்டும் போல்மும் சில இரும்பு வினைகளில் உண்மையில் வேலை செய்தது இரும்புக் குளோரைடோடு வந்த செம்பு என்று காட்டினார்கள். உங்கள் வினையில் சேர்த்த எல்லா உப்பையும் வேறு தயாரிப்பாளரிடமிருந்து, முடிந்தால் மிகத் தூய தரத்தில் வாங்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அறிகுறி: சின்னக் குடுவையில் ஓடியது, பெரியதில் ஓடவில்லை

மோல் சதவீதம் அதே, ஆனால் கரைப்பானை வசதிக்காக இரட்டிப்பாக ஊற்றினீர்களா? வினையூக்கியின் செறிவும் தளப்பொருளின் செறிவும் பாதியானது. வினையூக்கிக்கும் தளப்பொருளுக்கும் முதல்படி வினை என்றால் ஒரு லிட்டருக்கான வேகம் நான்கில் ஒரு பங்காகும். ஒரு லிட்டரில் மாற வேண்டிய தளப்பொருளும் பாதிதான் என்பதால் பாதி முடிய இரண்டு மடங்கு நேரம் ஆகும். வினை கெடவில்லை, நீங்கள் சீக்கிரம் நிறுத்திவிட்டீர்கள்.

செறிவும் அதே என்றால் கலக்குவதைப் பாருங்கள். அப்புறம் வெப்பத்தைப் பாருங்கள், இங்கே எச்சரிக்கை வேண்டும். கொள்ளளவு 1000 மடங்கானால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிரூட்டும் பரப்பு பத்தில் ஒன்றாகச் சுருங்கும். சின்னக் குடுவையில் வினையூக்கியை இரட்டித்தபோது கை லேசாகச் சூடு உணர்ந்த வினை, பெரிய கலத்தில் கட்டுக்கு அடங்காமல் போகலாம். தொடங்கத் தாமதமாகும் வினைகள்தான் இதில் மோசம். முன்வினையூக்கி (குடுவைக்குள் போன பிறகே வேலை செய்யும் வினையூக்கியாக மாறும் சேர்மம்) மெல்ல விழித்துக்கொண்டிருக்கும், ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்து இன்னொரு பங்கு போடுவோம், பிறகு இரண்டும் ஒன்றாக எழும். அளவைப் பெரிதாக்கும்போது தாமதம் எவ்வளவு என்பதைச் சின்னக் குடுவையில் முதலில் அளந்து வையுங்கள். தாமதம் நீண்டால் வினையூக்கியைக் கூட்டாதீர்கள். தளப்பொருளை மெதுவாக ஊற்றத் தொடங்கி, முதல் பங்கு தீர்ந்ததை டிஎல்சியில் பார்த்த பிறகே அடுத்த பங்கு.